கைத்துப்பாக்கி பெர்மிட்: டெக்சாஸில் வாங்கி நியூ ஜெர்சிக்குக் கொண்டுவரலாமா?

ராரிட்டன்கரை · 2025 பிப்ரவரி 8

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்துவிட்டது. வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்க எண்ணம். டல்லாஸ் பக்கம் இருக்கும் மச்சான், "அங்க எதுக்கு பெர்மிட்டு, கைரேகைன்னு அலையுறீங்க? டெக்சாஸ்ல லைசென்ஸே வேண்டாம். இங்க வாங்க, அரை மணி நேரத்துல வாங்கிட்டு கார்லயே எடுத்துட்டுப் போயிரலாம்" என்கிறார். முடியாவிட்டால் அவரே வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். சரியாக வருமா?

கூடுதுறை · பிப்ரவரி 8

வராது. இரண்டு வழியும் ஃபெடரல் குற்றம். விவரம் நாளை எழுதுகிறேன். அதுவரை மச்சானுக்குப் பணம் எதுவும் அனுப்பாதீர்கள்.

கூடுதுறை · பிப்ரவரி 9

துப்பாக்கிக் கடைக்காரர், அதாவது ஃபெடரல் லைசென்ஸ் வைத்திருக்கும் டீலர், வேறு மாநிலத்தில் குடியிருப்பவர் கையில் கைத்துப்பாக்கியைக் கொடுக்கக் கூடாது. 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்தே இதுதான் விதி. நீளத் துப்பாக்கி (ரைஃபிள், ஷாட்கன்) என்றால், இரண்டு மாநிலச் சட்டமும் இடம் கொடுத்தால் கொடுக்கலாம். கைத்துப்பாக்கிக்கு அந்தச் சலுகை இல்லை. டல்லாஸ் கடையில் பிடித்ததைப் பார்த்துப் பணம் கட்டலாம். துப்பாக்கி நியூ ஜெர்சியில் உள்ள ஒரு டீலருக்குப் போய்ச் சேரும். அவர் உங்களிடம் கேட்பது நியூ ஜெர்சி பெர்மிட்டைத்தான். ஆக, எங்கே சுற்றினாலும் உங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கே வந்தாக வேண்டும்.

மச்சான் தனியாளாக உங்களிடம் கொடுப்பதும் தவறு. டீலர் அல்லாத ஒருவர் வேறு மாநிலத்துக்காரருக்கு நேரடியாகக் கொடுத்தால் கொடுத்தவர் மேலும் வழக்கு, வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தவர் மேலும் வழக்கு. சொந்தக்காரர், அன்பளிப்பு, பணம் கைமாறவில்லை என்ற எதுவும் நிற்காது. உயில் வழியாகவோ வாரிசு உரிமையாகவோ வருவதற்கும், ரேஞ்சில் சுட்டுப் பார்க்கத் தற்காலிகமாகத் தருவதற்கும் மட்டும் விலக்கு உண்டு.

"அவரே வாங்கித் தருகிறேன்" என்பது இன்னும் மோசம். கடையில் நிரப்பும் ஃபார்ம் 4473-ல் முதல் பெரிய கேள்வியே "இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா?" என்பது. உங்கள் பணத்தில் உங்களுக்காக வாங்கிக்கொண்டு அவர் "ஆம்" என்று டிக் போட்டால் அது பொய் வாக்குமூலம். 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அப்ராம்ஸ்கி வழக்கு ஏறக்குறைய உங்கள் கதைதான். வர்ஜீனியாவில் இருந்த முன்னாள் போலீஸ்காரர், பென்சில்வேனியாவில் இருந்த தன் மாமாவுக்காக ஒரு கிளாக் 19 வாங்கினார். மாமா 400 டாலருக்குச் செக் அனுப்பினார். செக்கின் குறிப்பு வரியிலேயே துப்பாக்கியின் பெயர் இருந்தது. இருவருமே சட்டப்படி துப்பாக்கி வாங்கத் தகுதியானவர்கள். பென்சில்வேனியா டீலர் வழியாகத்தான் மாமா கைக்கும் போனது. அப்படியும் தண்டனை உறுதியானது. 2022 சட்டத்துக்குப் பிறகு, தனக்கு வாங்குவதுபோல் காட்டித் தகுதியில்லாதவருக்கு வாங்கித் தருவதற்கு 15 வருஷம் வரை போகலாம்.

ராரிட்டன்கரை · பிப்ரவரி 9

அடேயப்பா. சரி அண்ணா, மச்சானுக்குச் சொல்லிவிட்டேன். அப்படியானால் டெக்சாஸில் "லைசென்ஸ் வேண்டாம்" என்பது என்ன?

கூடுதுறை · பிப்ரவரி 10

இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது, இடுப்பில் செருகி வெளியே போவது. மூன்றும் மூன்று வெவ்வேறு அனுமதி. ஒவ்வொரு மாநிலமும் இதில் ஏதோ ஒன்றையோ எல்லாவற்றையுமோ பூட்டி வைத்திருக்கிறது.

டெக்சாஸ் 2021 செப்டம்பர் 1 முதல் மூன்றாவதைத் திறந்துவிட்டது: 21 வயது நிரம்பிய, தடை எதுவும் இல்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே வெளியே எடுத்துச் செல்லலாம். வாங்குவதற்கு அங்கே எப்போதும் மாநில பெர்மிட் கிடையாது, 4473-உம் எஃப்.பி.ஐ. நடத்தும் நிக்ஸ் பின்னணிச் சோதனையும் மட்டும்தான். இன்றைக்கு 29 மாநிலங்கள் பெர்மிட் இல்லாமல் எடுத்துச் செல்ல விடுகின்றன. வெர்மான்ட் தொடக்கத்திலிருந்தே பெர்மிட் கேட்டதில்லை.

நியூ ஜெர்சியில் வாங்கவும் பெர்மிட், எடுத்துச் செல்லவும் தனி பெர்மிட். வீட்டில் வைத்திருக்க மட்டும் தனிச் சீட்டு வேண்டாம். நியூயார்க்கில் மூன்றுக்குமே லைசென்ஸ்; மேசை டிராயரில் ஒரு கைத்துப்பாக்கி சும்மா கிடந்தாலும் லைசென்ஸ் இருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் வாங்க பெர்மிட் இல்லை, மறைத்து எடுத்துச் செல்ல ஷெரிஃபிடம் 20 டாலர் கட்டி ஐந்து வருஷ லைசென்ஸ் வாங்க வேண்டும், பயிற்சி கேட்பதில்லை. நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் நடுவில் ஓடும் டெலவேர் ஆற்றுக்கு இந்தக் கரையில் செல்லாதது அந்தக் கரையில் செல்லும். ஆற்றைத் தாண்டுகிற ஆள்தான் மாட்டிக்கொள்கிறார்.

கூடுதுறை · பிப்ரவரி 10, இரவு

இதைத் தனியாக எழுதுகிறேன், கண்ணில் படட்டும். கிரீன் கார்டுக்காரருக்கு ஒரு துப்பாக்கி வழக்கு என்பது சிறையோடு முடிவதில்லை. அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்ட பிறகு எப்போதாவது, துப்பாக்கியை வாங்கிய, விற்ற, வைத்திருந்த, எடுத்துச் சென்ற குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் அதுவே நாடு கடத்தப்படுவதற்கான காரணம் என்று குடியேற்றச் சட்டம் சொல்கிறது. பக்கத்து வீட்டு அமெரிக்கர் அபராதம் கட்டிவிட்டு வெளியே வரும் இடத்தில் நீங்கள் வீட்டையும் வேலையையும் விட்டுப் போக நேரலாம். "எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று யாராவது சொன்னால், அவர் கையில் என்ன பாஸ்போர்ட் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

தோட்டத்துவீடு · பிப்ரவரி 12

நான் ஹெச்-1பி. ஆபீஸ் நண்பர்கள் சனிக்கிழமை ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறார்கள். வாங்கப் போவதில்லை, அங்கேயே வாடகைக்கு எடுத்துச் சுட்டுவிட்டு வருவதுதான். அதில் பிரச்சினை இல்லையே?

கூடுதுறை · பிப்ரவரி 12

இருக்கிறது. சட்டம் தடுப்பது வாங்குவதை மட்டும் இல்லை, கையில் வைத்திருப்பதையும். ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1, பி-2 என்று குடியேற்றம் அல்லாத விசாவில் வந்த எவரும் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்த பத்து நிமிடமும் "கையில் வைத்திருப்பது"தான்.

விலக்கு ஒன்று உண்டு: ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அது இருந்தால் ஃபெடரல் தடை பொருந்தாது. டீலரும் அதன் விவரத்தைக் கேட்டு 4473-ஓடு சேர்ப்பார். ஆனாலும் பல கடைகள் விசாக்காரர் என்றாலே விற்பதில்லை, மாநிலச் சட்டம் தனியாக வேறு பார்க்க வேண்டும். ஹெச்-1பி-யில் இருப்பவருக்கு என் கருத்து: வேட்டையாடும் உண்மையான ஆர்வம் இல்லையென்றால் இந்தப் பக்கமே போகவேண்டாம். விசா ஸ்டாம்பிங் வரிசையில் நிற்கிறபோது சொல்ல வேண்டிய விளக்கங்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. ஐ-485, அதாவது கிரீன் கார்டு விண்ணப்பம், நிலுவையில் இருப்பவர்களும் கார்டு கையில் வரும்வரை பொறுப்பதே நல்லது.

தோட்டத்துவீடு · பிப்ரவரி 12

நல்ல வேளை கேட்டேன். பௌலிங் போகிறோம்.

கூடுதுறை · பிப்ரவரி 15

ராரிட்டன் தம்பி, இனி உங்கள் ஊர் வேலை. நியூ ஜெர்சி வரிசை இது.

வேண்டியவை இரண்டு: துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை, எல்லோரும் எஃப்.ஐ.டி. என்பார்கள், கட்டணம் 50 டாலர், பத்து வருஷம் செல்லும். அடுத்தது கைத்துப்பாக்கி வாங்கும் பெர்மிட். ஒவ்வொன்றும் 25 டாலர். ஒரு பெர்மிட்டுக்கு ஒரு கைத்துப்பாக்கிதான், 90 நாள் செல்லும். 30 நாளில் ஒன்றுக்கு மேல் வாங்க முடியாது. எஃப்.ஐ.டி. நீளத் துப்பாக்கிக்குத்தானே, எனக்கு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். கைத்துப்பாக்கித் தோட்டா வாங்கக் கடையில் அதைத்தான் காட்டப் போகிறீர்கள்.

விண்ணப்பம் ஸ்டேட் போலீஸின் ஆன்லைன் தளத்தில். தொடங்குவதற்கு முன் உங்கள் ஊர் போலீஸைக் குறிக்கும் ஓ.ஆர்.ஐ. எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நகர இணையதளத்தில் இருக்கும், இல்லையென்றால் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கு ஒரு போன் போதும். எண்ணைத் தவறாகப் போட்டால் விண்ணப்பம் வேறு ஊர் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளூர் போலீஸ் இல்லாத ஊர் என்றால் ஸ்டேட் போலீஸ் முகாம். அனுப்பி முடித்ததும் கைரேகைக்கு ஐடென்டோகோ மையத்தில் நேரம் வாங்க வேண்டும். மனநலப் பதிவுகளைப் பார்க்க ஒப்புதல் கொடுப்பதும் இதில் அடக்கம்.

அதிகம் தேங்குவது சாட்சிக்காரர்கள் இடத்தில். உறவினர் அல்லாத இரண்டு பேர் பெயரும் மின்னஞ்சலும் கொடுக்கிறீர்கள். அவர்களுக்கு ஒரு கேள்விப் படிவம் மின்னஞ்சலில் போகும். அது ஸ்பாம் பெட்டிக்குள் விழும், அல்லது நண்பர் "ஏதோ மோசடி மெயில்" என்று அழித்துவிடுவார். நீங்கள் ஸ்டேஷனைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். கோப்போ நண்பரின் இன்பாக்ஸில் கிடக்கும். அனுப்பிய அன்றே இருவரையும் கூப்பிட்டு, மெயில் வந்ததா என்று கேட்டு, அவர்கள் பதில் போட்ட பிறகே போனை வையுங்கள். ஊருக்குப் போயிருக்கும் நண்பர் வேண்டாம்.

சட்டப்படி மாநிலவாசிக்கு 30 நாளில் முடிக்க வேண்டும். பல ஊர்களில் அதைத் தாண்டும். 30 நாள் முடிந்ததும் பணிவாக ஒரு மின்னஞ்சல், விண்ணப்ப எண்ணோடு. போனைவிட எழுத்து வேலை செய்யும்.

ராரிட்டன்கரை · பிப்ரவரி 15

பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு சிக்கல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக விரிந்திருக்கிறது. டிரைவிங் லைசென்ஸில் நடுவில் இனிஷியல் மட்டும்.

கூடுதுறை · பிப்ரவரி 16

நம்மவர்கள் பாதிப்பேருக்கு இதுதான் வினை. முதலில் டிரைவிங் லைசென்ஸையும் கிரீன் கார்டையும் ஒரே எழுத்துக்குக் கொண்டுவாருங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். பெர்மிட்டில் ஒன்று, லைசென்ஸில் ஒன்று என்று இருந்தால் கடைக்காரர் துப்பாக்கியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவார்.

4473-ல் நடுப்பெயர் கட்டம் காலியாக விடக் கூடாது. நடுப்பெயரே இல்லையென்றால் என்.எம்.என். (NMN, நடுப்பெயர் இல்லை) என்று எழுத வேண்டும். சட்டப்படி உங்கள் நடுப்பெயர் வெறும் இனிஷியல்தான் என்றால், எழுத்தைப் போட்டு அதன் பக்கத்தில் ஐ.ஓ. (IO, இனிஷியல் மட்டும்) என்று எழுத வேண்டும். முகவரி, அரசு அடையாள அட்டையில் இருக்கும் குடியிருப்பு முகவரி. போஸ்ட் பாக்ஸ் எண் ஆகாது. வீடு மாறி அட்டையில் பழைய முகவரி இருந்தால், புது முகவரியோடு அரசு கொடுத்த வேறொரு ஆவணம், உதாரணமாக வண்டிப் பதிவுச் சீட்டு, கூட வேண்டும்.

குடியுரிமைக் கட்டத்தில் கவனம், தம்பி. அமெரிக்கா என்ற கட்டம் முதலில் கண்ணில் படும், கை தானாக அங்கே போகும். நீங்கள் இந்தியக் குடிமகன். இந்தியா என்று எழுதி, கிரீன் கார்டில் உள்ள யூ.எஸ்.சி.ஐ.எஸ். (குடியேற்றத் துறை) எண்ணைப் போட வேண்டும். அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிக்கொள்வது குடியேற்றச் சட்டத்தில் தனிக் குற்றச்சாட்டு, நாளை குடியுரிமை விண்ணப்பத்தின்போது எழுந்து வரும். கடைக்காரரே கணினியில் நிரப்பித் தந்தாலும் கையெழுத்துப் போடுமுன் அந்த வரியை விரல் வைத்துப் படியுங்கள்.

நிக்ஸ் சோதனையில் பதில் மூன்று வகை: போகலாம், தாமதம், மறுப்பு. ஒரே பெயரில் இன்னொருவர் பதிவு இருந்தால் தாமதம் வரும். மூன்று வேலை நாள் ஃபெடரல் கணக்கு. குமார், ராஜ் என்று முடியும் பெயர்களுக்கு இது நடக்கக் கூடியதுதான், பதற வேண்டாம். ஒவ்வொரு முறையும் தாமதமானால் எஃப்.பி.ஐ.-யின் தன்னார்வ மேல்முறையீட்டுக் கோப்பில் கைரேகை கொடுத்து ஒரு தனி எண் வாங்கலாம். அடுத்த முறை 4473-ல் அதைப் போட்டால் ஆள் மாறாட்டம் தீரும்.

விரிகுடா · பிப்ரவரி 19

கலிஃபோர்னியா கணக்கையும் சேர்த்து வைக்கிறேன், இங்கே மாறி வருகிறவர்கள் நிறைய.

வாங்கும் பெர்மிட் என்று பெயர் இல்லை, ஆனால் துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். கடையிலேயே தேர்வு: 30 கேள்வி, 23 சரியாக வேண்டும், 25 டாலர், ஐந்து வருஷம் செல்லும். பிறகு கடைக்காரர் முன்னால் பாதுகாப்பாகக் கையாளும் முறையைச் செய்து காட்ட வேண்டும். அதற்குப் பின் பத்து நாள் காத்திருப்பு, சரியாக 240 மணி நேரம். செவ்வாய் மாலை 5 மணிக்குப் பதிவானால் பதினோராம் நாள் காலையில் போய் நிற்காதீர்கள், மாலை 5-க்குப் பிறகுதான். 30 நாளுக்குள் எடுத்துக்கொள்ளாவிட்டால் மறுபடி கட்டணம், மறுபடி பத்து நாள்.

கைத்துப்பாக்கிக்குக் குடியிருப்புச் சான்று தனியாக: மூன்று மாதத்துக்குள் வந்த மின்சார பில், வாடகை ஒப்பந்தம், வண்டிப் பதிவு. மொபைல் போன் பில் ஏற்பதில்லை. அதை எடுத்துக்கொண்டு போய்த் திரும்புகிறவர்கள் ஏராளம். மாநிலப் பட்டியலில் உள்ள மாடல்களை மட்டுமே கடையில் புதிதாக விற்கலாம். 2024 ஜூலை 1 முதல் 11 சதவீதத் தனி வரியும் உண்டு. வேறு மாநிலத்திலிருந்து துப்பாக்கியோடு குடிவருகிறவர் 60 நாளுக்குள் மாநில நீதித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

டெக்சாஸ்காரர்களுக்கு இந்த வேதனை எதுவும் இல்லை, கொடுத்துவைத்தவர்கள். அங்கே லைசென்ஸ் எடுப்பதே வீண் செலவு.

கூடுதுறை · பிப்ரவரி 20

விரிகுடா ஐயா, கலிஃபோர்னியா விவரம் அருமை. கடைசி வரியை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஃபெடரல் பள்ளி வளையச் சட்டம் ஒன்று இருக்கிறது. பள்ளி எல்லையிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். விலக்கு யாருக்கு? அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு, அல்லது தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் வைத்திருப்பவருக்கு. பெர்மிட் இல்லாமல் எடுத்துச் செல்லலாம் என்று மாநிலம் சொன்னது இந்தக் கணக்கில் லைசென்ஸ் ஆகாது. டல்லாஸ் பக்கத்து ஃபிரிஸ்கோ, பிளேனோ வரைபடத்தை விரித்து ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் 1000 அடி வட்டம் போட்டுப் பாருங்கள்; மளிகைக் கடைக்குப் போகிற வழியில் எத்தனை வட்டம் வருகிறது என்று தெரியும். இதற்காக மட்டும் தனியே வழக்குப் போடுவது அபூர்வம். ஆனால் வேறு ஏதாவது ஒன்றில் மாட்டினால் கூடச் சேர்த்துக்கொள்ள வசதியான பிரிவு. கிரீன் கார்டுக்காரர் அந்த அபாயத்தை ஏன் சுமக்க வேண்டும்?

டெக்சாஸ் லைசென்ஸ் கட்டணம் 40 டாலர். நான்கிலிருந்து ஆறு மணி நேர வகுப்பு, கைரேகை, 50 தோட்டா சுடும் தேர்வு: மூன்று கஜத்தில் 20, ஏழு கஜத்தில் 20, பதினைந்து கஜத்தில் 10. 250-க்கு 175 வாங்க வேண்டும். நிதானமாகச் சுடுகிறவருக்கு இது கடினமே இல்லை. அந்த அட்டை இருந்தால் கடையில் நிக்ஸ் அழைப்பும் தேவைப்படாது. பல மாநிலங்களில் அது செல்லும்.

ஏரிக்கரை · பிப்ரவரி 21

சிகாகோ பக்கத்துக்கு நான் சொல்கிறேன். இல்லினாயில் எஃப்.ஓ.ஐ.டி. என்ற துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை இல்லாமல் துப்பாக்கியும் வைத்திருக்க முடியாது, ஒரு பெட்டித் தோட்டாவும் வாங்க முடியாது. 10 டாலர், பத்து வருஷம், ஸ்டேட் போலீஸ் தளத்தில் விண்ணப்பம். கடையில் பணம் கட்டிய பிறகு 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். புதிதாகக் குடிவருகிறவருக்கு அட்டை எடுக்க 60 நாள் அவகாசம்.

மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸ் தனி: 16 மணி நேரப் பயிற்சி, 150 டாலர், ஐந்து வருஷம். கைரேகை கொடுப்பது கட்டாயம் இல்லை. கொடுத்தால் 90 நாள், கொடுக்காவிட்டால் 120 நாள். அவசரம் இல்லாதவர் கைரேகைக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

கூடுதுறை · பிப்ரவரி 23

நியூயார்க் பற்றி இரண்டு பேர் தனிமடலில் கேட்டிருக்கிறார்கள். இங்கேயே எழுதுகிறேன்.

1911-ல் வந்த சல்லிவன் சட்டம் முதல் அங்கே லைசென்ஸ் முறை. எடுத்துச் செல்ல "தகுந்த காரணம்" காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை 2022 ஜூன் 23-ல் புரூவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று ரத்து செய்தது. அதோடு எல்லாம் திறந்துவிட்டது என்று பலர் நம்பிவிட்டார்கள். மாநிலம் அடுத்த சில நாளிலேயே புதுச் சட்டம் போட்டது. 2022 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. எடுத்துச் செல்லும் லைசென்ஸுக்கு 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுடும் பயிற்சி, எழுத்துத் தேர்வில் 80 சதவீதம், நான்கு நன்னடத்தைச் சாட்சிகள், நேர்காணல், வீட்டில் கூட இருக்கும் பெரியவர்கள் விவரம். சமூக ஊடகக் கணக்குகளைக் கொடுக்க வேண்டும் என்ற பகுதியை மட்டும் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தி வைத்திருக்கிறது.

மாநிலத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் வேறு. பெரும்பாலான கவுன்டிகளில் நீதிபதி, நாசாவ் கவுன்டியில் போலீஸ் கமிஷனர், நியூயார்க் நகரத்தில் நகரப் போலீஸின் லைசென்ஸ் பிரிவு. நகரக் கட்டணம் 340 டாலர், கைரேகைக்கு 88.25 தனி. ஆல்பனி பக்கம் வாங்கிய லைசென்ஸ் நகரத்துக்குள் இருக்கும் குவீன்ஸில் செல்லாது. லைசென்ஸ் வந்த பிறகுதான் துப்பாக்கி; அதன் வரிசை எண் லைசென்ஸில் ஏற வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம்: கைதோ சம்மனோ எதுவும் இருந்தால், வழக்கு தள்ளுபடியாகி பதிவு மூடப்பட்டிருந்தாலும், கேட்ட இடத்தில் எழுதி நீதிமன்ற முடிவின் சான்றிட்ட நகலை இணையுங்கள். பழைய சம்பவத்துக்காக மறுப்பதைவிட மறைத்ததற்காக மறுப்பது சுலபம், அதிகாரிக்கு வேறு காரணமே தேவைப்படாது.

கூடுதுறை · பிப்ரவரி 24

மேலே சேர்க்க வேண்டியது. இணையத்தில் பழைய கட்டுரைகளை நம்பி அலையாதீர்கள். வட கரோலினாவில் ஷெரிஃபிடம் வாங்கும் பிஸ்டல் பெர்மிட் 2023 மார்ச்சில் ஒழிந்துவிட்டது. இன்னும் "எப்படி விண்ணப்பிப்பது" என்ற பக்கங்கள் தேடலில் வருகின்றன. மேரிலாந்தில் அதற்கு நேர்மாறு: புரூவனுக்குப் பிறகு கைத்துப்பாக்கித் தகுதி லைசென்ஸ் போய்விடும் என்று பேச்சு இருந்தது, 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது, உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தலையிட மறுத்துவிட்டது. ஆக, அங்கே நான்கு மணி நேரப் பயிற்சி, கைரேகை, 50 டாலர், அதற்குப் பிறகு ஏழு நாள் காத்திருப்பு எல்லாம் அப்படியே. விண்ணப்பிக்கும் வாரத்தில் ஸ்டேட் போலீஸ் தளத்தைத்தான் பார்க்க வேண்டும், இந்த இழையையும் சேர்த்தே சொல்கிறேன்.

ராரிட்டன்கரை · மார்ச் 2

அனுப்பிவிட்டேன் அண்ணா. இரண்டு சாட்சியும் பதில் போட்டாயிற்று. பெர்மிட் வந்த பிறகு வண்டியில் எப்படிக் கொண்டுவருவது? பென்சில்வேனியாவில் நண்பர் வீடு இருக்கிறது, அங்கேயும் எடுத்துப் போகலாமா?

கூடுதுறை · மார்ச் 3

வாங்கும் பெர்மிட் கையில் இருப்பதால் எடுத்துச் செல்லும் உரிமை வந்துவிடாது. கடையிலிருந்து வீடு, வீட்டிலிருந்து ரேஞ்ச் என்று சட்டம் விலக்குக் கொடுத்த பயணங்கள் மட்டும். தோட்டா எடுக்கப்பட்டு, மூடிக் கட்டிய பெட்டியில் அல்லது பூட்டிய டிக்கியில். வழியில் பெட்ரோல் போடலாம், அவசியமான நிறுத்தம் சரி. மாலில் மூன்று மணி நேரம் சுற்றுவது சரியில்லை. விலக்குக்கு வெளியே, எடுத்துச் செல்லும் பெர்மிட் இல்லாமல் பிடிபட்டால் இரண்டாம் நிலைக் குற்றம்: ஐந்திலிருந்து பத்து வருஷம், நியூ ஜெர்சியின் கிரேவ்ஸ் சட்டப்படி 42 மாதம் பரோல் இல்லாமல்.

2013-ல் ஷனீன் ஆலன் என்ற பிலடெல்பியா தாய், பென்சில்வேனியா லைசென்ஸ் வைத்திருந்தவர், அட்லான்டிக் கவுன்டியில் சாலையில் நிறுத்தப்பட்டபோது துப்பாக்கி இருப்பதைத் தானாகவே அதிகாரியிடம் சொன்னார். லைசென்ஸ் இங்கேயும் செல்லும் என்று நம்பியிருந்தார். கைது, மூன்றரை வருஷச் சிறை அபாயம், நாடு முழுக்கப் பேச்சு. கடைசியில் 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். எல்லோருக்கும் ஆளுநர் கிடைக்க மாட்டார். நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா, மேரிலாந்து, இல்லினாய், மாசசூசெட்ஸ் எதுவும் வெளிமாநில லைசென்ஸை ஏற்பதில்லை. யூட்டாவில் வெளிமாநிலத்தவருக்குக் கொடுக்கும் லைசென்ஸை வாங்கிவிட்டு எடிசனில் செல்லும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

மாநிலம் கடந்து போகையில் 1986 ஃபெடரல் சட்டம் ஒரு பாதுகாப்புத் தருகிறது: புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் நீங்கள் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கலாம் என்றால், நடுவில் உள்ள மாநிலங்களை, தோட்டா இல்லாமல், கை எட்டாத இடத்தில் வைத்துக் கடக்கலாம். டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி. கிளவ் பாக்ஸ், நடுக் கன்சோல் இரண்டும் ஆகாது. கடப்பதற்குத்தான் இது, தங்குவதற்கு இல்லை. யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் 2005-ல் நூவர்க் விமான நிலையத்தில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டலில் இரவு தங்கி, மறுநாள் காலை விமான நிலையத்தில் துப்பாக்கியைச் சொல்லியபோது கைதானார். துப்பாக்கி இரவில் அவர் கைக்கெட்டும் நிலையில் இருந்ததால் ஃபெடரல் பாதுகாப்பு பொருந்தாது என்றது மூன்றாம் சரக ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம். அப்படி நேர்ந்தால் பெட்டியைக் கையில் வாங்காமல் விமான நிறுவனத்திடமே விடுவதுதான் வழி.

நுனி குழிந்த தோட்டா நியூ ஜெர்சியில் வீட்டில் வைக்கலாம், ரேஞ்சுக்குக் கொண்டுபோகலாம், இடுப்புத் துப்பாக்கியில் போட்டு வெளியே போகக் கூடாது. மேகசின் பத்து தோட்டாவுக்கு மேல் கூடாது; பென்சில்வேனியா நண்பர் "இந்தா, சும்மா வச்சுக்கோ" என்று 15 தோட்டா மேகசினைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

தோட்டத்துவீடு · மார்ச் 9

கிளை பிரிகிறதற்கு மன்னிக்கவும். கிரீன் கார்டு வாங்கிய அண்ணன் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது. ஊரிலிருந்து அம்மா அப்பா பி-2-வில் வருகிறார்கள். நானும் அங்கேதான் தங்குவேன்.

கூடுதுறை · மார்ச் 10

நல்ல கேள்வி, கிளை இல்லை. பி-2-உம் தடைக்குள்தான். எண் பூட்டுள்ள பெட்டி, எண் அண்ணனுக்கு மட்டும். அவர் வெளியூர் போகையில் "எதுக்கும் இருக்கட்டும்" என்று உங்களிடம் எண்ணைச் சொல்லக் கூடாது. எடுக்கும் வசதி இருந்தாலே வைத்திருந்ததாக வாதாட இடம் கிடைக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் கடுமை: நியூ ஜெர்சியில் 16 வயதுக்குக் கீழானவர் தோட்டா போட்ட துப்பாக்கியை எடுக்கும்படி விட்டுவைப்பது குற்றம்.

இன்னொன்றையும் அண்ணனிடம் சொல்லுங்கள். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊர்ப் பயணத்துக்கு எடுக்கவே கூடாது. மடிப்பில் சிக்கிய ஒரே ஒரு தோட்டா போதும், சென்னையிலோ டெல்லியிலோ விமான நிலையத்தில் 1959 ஆயுதச் சட்டப்படி வழக்கு. தெரியாமல் இருந்தது, உணர்ந்து வைத்திருக்கவில்லை என்று நீதிமன்றத்தில் வாதாடி மீளலாம். ஆனால் அதற்குள் டிக்கெட்டும் விடுப்பும் மன நிம்மதியும் போயிருக்கும். தோட்டாவுக்கு என்று ஒரு பை, அது நாட்டைவிட்டு வெளியே போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை · மார்ச் 11

கஞ்சா பற்றி யாரும் எழுதவில்லையே.

கூடுதுறை · மார்ச் 11

ஆமாம், எழுத வேண்டும். நியூ ஜெர்சியில் 2022 ஏப்ரல் முதல் கடையில் விற்கிறார்கள், இல்லினாயிலும் சட்டப்படிதான். 4473-க்கு அதெல்லாம் கணக்கில்லை. மாநிலம் அனுமதித்தாலும், மருத்துவர் சீட்டு இருந்தாலும், ஃபெடரல் சட்டத்தில் அது சட்டவிரோதம் என்று படிவத்திலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது. பயன்படுத்துகிறவர் "இல்லை" என்றால் பொய், "ஆம்" என்றால் விற்க மாட்டார்கள். கிரீன் கார்டுக்காரர் வாயால் ஒப்புக்கொண்டாலே குடியேற்றத்தில் தனியாக ஒரு தலைவலி. தூக்கத்துக்கு என்று வாங்கும் மிட்டாயும் இதில் சேரும். துப்பாக்கி அல்லது அது, இரண்டில் ஒன்றுதான்.

குடும்ப வன்முறை வழக்கும் அப்படியே. சிறு குற்றமாக முடிந்த வழக்காக இருந்தாலும் 1996 சட்டப்படி துப்பாக்கித் தடை வரும். தடுப்பு ஆணை நடப்பில் இருக்கும் காலத்தில் தடை செல்லும் என்று 2024-ல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 8-1 என்று உறுதி செய்தது.

ராரிட்டன்கரை · ஏப்ரல் 12

பெர்மிட் வந்துவிட்டது! ஒன்றுதான் கேட்டேன். இன்னொன்றும் சேர்த்துக் கேட்டிருக்கலாமோ?

கூடுதுறை · ஏப்ரல் 12

வாழ்த்துகள். முதல் துப்பாக்கிக்கு ஒன்று போதும் என்றுதான் எப்போதும் சொல்வேன். ஆனால் மனைவியும் சுடக் கற்றுக்கொள்ள விரும்பினால் அவர் பெயரில் அவரே எஃப்.ஐ.டி. எடுப்பது நல்லது, தோட்டா வாங்க, தனியாக ரேஞ்சுக்குப் போக, பின்னாளில் எடுத்துச் செல்லும் பெர்மிட் கேட்க எல்லாவற்றுக்கும் அது உதவும். அந்தப் பெர்மிட் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்: 200 டாலர், நான்கு சாட்சி, மூன்று வருஷமாவது உங்களைத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும், சுடும் தேர்வு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. 200-ல் 150 ஊருக்குப் போகிறது, சில ஊர்கள் அதைத் திருப்பித் தருகின்றன, கேட்கிறபோது பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு பயிற்சியாளரிடம் போய், மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டி, அறையைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் தொட்டுப் பார்த்து, காலிதான் என்று உறுதி செய்யும் வரிசையைக் கைக்குப் பழக்குங்கள். மேகசினைக் கழற்றாமல் ஸ்லைடை இழுத்தால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும். தெரியாமல் வெடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

ராரிட்டன்கரை · ஏப்ரல் 13

மே மாதம் ஊருக்குப் போகிறோம், ஜூலைதான் திரும்புவோம். 90 நாள் முடிந்துவிடுமே?

கூடுதுறை · ஏப்ரல் 13

தகுந்த காரணம் காட்டினால் போலீஸ் தலைமை இன்னும் 90 நாள் நீட்டிக்கலாம். காலாவதியாவதற்கு முன்பே கேட்க வேண்டும், முடிந்த பிறகு கேட்டால் புது விண்ணப்பம்தான். பயணச் சீட்டின் நகலோடு இந்த வாரமே எழுதிவிடுங்கள். இப்போதே வாங்கிவிட்டு இரண்டு மாதம் பூட்டிய வீட்டில் வைத்துவிட்டுப் போவதைவிட அதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.